கண்ணாடி வர்றதுக்கு முன்னாடி பணம் போயிடக் கூடாது: ஒரு கான்ட்ராக்டர் கதையும் என் தப்பும்

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், டாக்ஸ் ரிஜீம் பத்தியே பேசிட்டு இருக்கற இந்த இடத்துல, இன்னைக்கு கண்ணாடி வேலை பத்தி எழுதறேன். தலைப்பைப் பார்த்துட்டு "சார், இது நமக்கு எதுக்கு?"ன்னு தாண்டிப் போயிடாதீங்க. சம்பளம் வாங்க ஆரம்பிச்சு நாலஞ்சு வருஷத்துல நம்மில் பல பேர் செய்யற முதல் பெரிய செலவு ஊர்ல அப்பா அம்மா வீட்டுக்கு மேல ஒரு மாடி எடுக்கறதுதான். லோன் வாங்கறப்போ வட்டியைக் கால் சதவீதம் வரைக்கும் பேரம் பேசுவோம். ஆனா அதே வீட்டுக்கு கண்ணாடி போடற ஆளுக்கு ஒரு விசிட்டிங் கார்டை நம்பி 1 லட்சத்தை ஜிபே பண்ணிடுவோம்.

என் சித்தப்பா பையன் அதைத்தான் பண்ணான். அவனுக்கு அப்படிப் பண்ணச் சொன்னது நான்தான்.

நடந்தது என்ன?

சித்தப்பா வீடு கனகம்மாசத்திரத்துல. திருவள்ளூர்ல இருந்து திருத்தணி போற ரோட்டுல வருமே, அந்த ஊர்தான். கீழே சித்தப்பாவோட ஜெராக்ஸ், ஸ்டேஷனரி கடை. தம்பி ஒரகடத்துல ஒரு கம்பெனியில வேலை பார்க்கறான். லோன் போட்டு மேல மாடி கட்டினான். ஆவணியில கிரகப்பிரவேசம்னு நாள் குறிச்சாச்சு. பாக்கி இருந்தது கண்ணாடி வேலை மட்டும்: பால்கனி கைப்பிடிக்கு கண்ணாடி, பாத்ரூம் பார்ட்டிஷன், ஜன்னல்கள், அப்படியே கீழே கடைக்கு முன்பக்கக் கண்ணாடியும் கதவும்.

மூணு கொட்டேஷன் வாங்கினான்.

முதல் ஆள்: 1,48,000 ரூபாய். "ஜிஎஸ்டி வேண்டாம் சார், உங்களுக்குத்தான் லாபம்." அட்வான்ஸ் 1 லட்சம்.

ரெண்டாவது ஆள்: 1,62,000, ஜிஎஸ்டி 18% தனி. மொத்தம் 1,91,160. அட்வான்ஸ் பாதி.

மூணாவது ஆள்: 1,75,000, ஜிஎஸ்டி 18% தனி. மொத்தம் 2,06,500. அட்வான்ஸ் 40%.

எனக்கு போன் பண்ணான். "அண்ணா, எதுக்குப் போகலாம்?" அது ஆடிட் சீசன். ஒரு பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்துக்கிட்டே, "பக்கத்து ஊர்க்காரர்தானே டா, எங்க ஓடிடப் போறார், குறைஞ்ச ரேட்டுக்கே போ"ன்னு சொல்லிட்டேன். ஒரு கம்பெனிக்கு 10,000 ரூபாய் வவுச்சருக்குக்கூட நாலு கேள்வி கேட்கறவன், சொந்தத் தம்பிக்கு ஒரு கேள்வியும் கேட்கல.

ஆடி முதல் வாரம் பணம் போச்சு. "மூணு வாரத்துல முடிச்சிடறேன்"னார். பாத்ரூம் பார்ட்டிஷனும் ஜன்னல்களும் வந்துச்சு. அவர் ரேட்டுப்படியே அது 55,000 ரூபாய் வேலை. அதுக்கப்புறம் "நாளைக்கு லோடு வருது", "ஃபேக்டரியில மெஷின் ரிப்பேர்", "வண்டி கிளம்பிடுச்சு"ன்னு நாள் ஓடிச்சு. கிரகப்பிரவேசம் அன்னைக்கு பால்கனியில சவுக்குக் கட்டையைக் குறுக்கே கட்டி, குழந்தைங்க அந்தப் பக்கம் போகாம சித்தி அங்கேயே நின்னுட்டு இருந்தாங்க. புது வீட்டு விசேஷத்துல அவங்க உட்கார்ந்து சாப்பிடக்கூட இல்ல. ஏழு வாரம் கழிச்சு போன் சுவிட்ச் ஆஃப்.

மீதி வேலையை ரெண்டாவது ஆளுக்குக் கொடுத்தோம். மூணாவது ஆளுக்கு அப்போ கை நிறைய வேலை. மீதிக்கு 1,12,000, ஜிஎஸ்டி சேர்த்து 1,32,160. அந்தப் பணம் தம்பியோட எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்து போச்சு. முதல் ஆள் வேலை செய்யாம வச்சிருந்த 45,000-ல் இதுவரை 15,000 திரும்பி வந்திருக்கு. கணக்குப் போட்டா:

1,00,000 + 1,32,160 − 15,000 = 2,17,160 ரூபாய்.

மூணுல அதிகமான கொட்டேஷனைவிட 10,660 ரூபாய் கூட. குறைஞ்ச ரேட்டைத் தேர்ந்தெடுத்த கதை இது.

உங்க அட்வான்ஸ் எங்க போகுது?

இங்கதான் என் கருத்து. "நல்ல ஆளா பாருங்க, நாலு பேரை விசாரிங்க"ன்னு எல்லாரும் சொல்வாங்க. விசாரிக்கறது நல்லதுதான். ஆனா எங்க ஊர்ல இந்த ஆளைப் பத்தி விசாரிச்சிருந்தாலும் "நல்ல வேலைக்காரர்"னுதான் சொல்லியிருப்பாங்க. அது பொய்யும் இல்ல. அவர் போட்ட பாத்ரூம் பார்ட்டிஷன் இன்னைக்கும் ஒரு சொட்டு ஒழுகாம நிக்குது.

பிறகு ஒருநாள் அவரை நேர்ல பிடிச்சு உட்கார்ந்து பேசினேன். "ஏமாத்தணும்னு நினைக்கல சார்"னார். ஒரு கடைக்காரர் அவருக்குப் பெரிய தொகை பாக்கி வச்சுட்டார். அந்த வேலைக்கு ஃபேக்டரியில கட்ட வேண்டிய கடன் நின்னுச்சு. தம்பி கொடுத்த 1 லட்சத்துல பெரும்பகுதி அந்தப் பழைய கடனுக்குப் போயிடுச்சு. தம்பியோட பால்கனி கண்ணாடிக்கு, அடுத்த கஸ்டமர் கொடுக்கப் போற அட்வான்ஸை நம்பியிருந்தார். ஆடி மாசம் யாரும் புது வேலை ஆரம்பிக்கல. சங்கிலி அறுந்துடுச்சு.

இந்த வேலையில பணம் ஓடற விதத்தைப் புரிஞ்சுக்கணும். நம்ம வீட்டுக் கண்ணாடிக்குப் பின்னாடி பொதுவா மூணு பேர் இருக்காங்க. ஒண்ணு, ஷீட் கண்ணாடி தயாரிக்கற பெரிய கம்பெனி. ஸ்ரீபெரும்புதூர்ல 2000-லிருந்து ஓடற செயின்ட் கோபைன் ஃபேக்டரி மாதிரி. ரெண்டாவது, அந்த ஷீட்டை வாங்கி நம்ம அளவுக்கு வெட்டி, ஓட்டை போட்டு, 600 டிகிரிக்கு மேல சூடாக்கி, சட்டுனு காத்தடிச்சுக் குளிரவச்சு டஃபன்டு கண்ணாடியா மாத்தற பிராசஸிங் யூனிட். மூணாவது, வந்து மாட்டற நம்ம ஊர் ஃபேப்ரிகேட்டர். அவர்தான் நமக்கு 'கான்ட்ராக்டர்'.

டஃபன்டு கண்ணாடியை ஒரு தடவை டஃபன் பண்ணிட்டா அப்புறம் வெட்டவோ ஓட்டை போடவோ முடியாது, நொறுங்கிடும். அதனால நமக்காகச் செஞ்ச கண்ணாடியை வேற யாருக்கும் விற்க முடியாது. பிராசஸிங் யூனிட்டும் பெரும்பாலும் பணத்தை வாங்காம சரக்கை வெளிய விடாது. ஆக, கான்ட்ராக்டர் அட்வான்ஸ் கேட்கறது நியாயம்தான். அட்வான்ஸே தர மாட்டேன்னு நின்னா நல்ல ஆள் யாரும் வர மாட்டாங்க.

ஆனா அந்த அட்வான்ஸ் உங்க கண்ணாடிக்குப் போகுதா, இன்னொருத்தர் கண்ணாடிக்குப் போகுதா? நல்ல வேலை தெரிஞ்ச, நல்ல மனுஷனாவும் இருக்கற ஒருத்தர், கையில காசு சுழலாதப்போ நம்மளை நடுவழியில விட்டுடுவார். அதனால ஆளோட குணத்தைப் பத்தி மட்டும் விசாரிச்சா போதாது. பணம் கண்ணாடியை முந்திப் போகாத மாதிரி ஏற்பாடு பண்ணணும். கீழே சொல்றது எல்லாமே அதுக்குத்தான்.

2 நிமிஷ ஜிஎஸ்டி தேடல்

முதல் ஆளோட விசிட்டிங் கார்டுல ஜிஎஸ்டி நம்பர் இருந்துச்சு. எல்லாம் முடிஞ்ச பிறகு அதை ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டுப் பார்த்தேன். பதிவு ரத்து. தம்பி பணம் கொடுக்கறதுக்குப் பல மாசம் முன்னாடியே ரத்து. "ஜிஎஸ்டி வேண்டாம் சார், உங்களுக்குத்தான் லாபம்"னு அவர் சொன்னதுக்கு அர்த்தம் அப்போதான் புரிஞ்சது. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவே முடியாது. நமக்குச் சலுகை மாதிரி தெரிஞ்சது அவரோட நிலைமை.

லாகின் எதுவும் தேவையில்ல. போர்ட்டல்ல 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதியில 15 எழுத்து நம்பரைப் போட்டா போதும். பார்க்க வேண்டியது நாலு விஷயம்.

1. பெயர். கார்டுல இருக்கற கடைப் பெயரும் போர்ட்டல்ல வர்ற பெயரும் ஒண்ணா? பணம் அனுப்பச் சொல்ற அக்கவுன்ட்டும் அதே பெயர்லதானா? தம்பி அனுப்பினது மச்சான் பெயர்ல இருந்த ஜிபே நம்பருக்கு.

2. நிலை. 'ஆக்டிவ்'னு இருக்கணும். ரத்து, சஸ்பென்ட்னு இருந்தா காரணம் கேளுங்க.

3. எந்த வகை. ரெகுலரா, காம்போசிஷனா. இது எதுக்குன்னு அடுத்த பகுதியில சொல்றேன்.

4. ரிட்டன் போட்ட தேதிகள். எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். ஃபைலிங் டேபிளைத் திறந்தா எந்த மாச ரிட்டனை எந்தத் தேதியில போட்டார்னு வரும். சின்ன வியாபாரிகள் மூணு மாசத்துக்கு ஒருமுறை போடலாம், அது தப்பில்ல. ஆனா இடையில காலியா இருந்தாலோ, தொடர்ந்து லேட்டாகிட்டே போனாலோ கவனிங்க. 3பி ரிட்டன் போடணும்னா வரியைக் கட்டணும். கையில காசு இல்லாதவர் முதல்ல நிறுத்தறது அதைத்தான். பேங்க் நமக்கு சிபில் பார்க்கற மாதிரி, கான்ட்ராக்டருக்கு நாம இலவசமா பார்க்கக்கூடிய ஒரே ரிப்போர்ட் இதுதான்.

ஒண்ணு சொல்லிடறேன். ரிட்டன் ஒழுங்கா இருக்கறதாலேயே வேலையும் ஒழுங்கா இருக்கும்னு அர்த்தமில்ல. இது கைராசியைக் காட்டாது, பணப்புழக்கத்தைத்தான் காட்டும்.

33-ஆ, 37-ஆ?

திருத்தணிப் பக்கம் இருக்கறவங்களுக்கு இது தனியா. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி அப்போதைய மெட்ராஸ் ஸ்டேட்டோட சேர்ந்துச்சு. எல்லைக் கோடு போட்டாச்சு, ஆனா சம்பந்தமும் வியாபாரமும் இன்னைக்கும் ரெண்டு பக்கமும்தான். நகரி, புத்தூர் பக்கம் இருந்து வந்து வேலை செய்யற ஃபேப்ரிகேட்டர்கள் நிறைய பேர். நல்லாவே செய்வாங்க.

ஜிஎஸ்டி நம்பர்ல முதல் ரெண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாடு 33, ஆந்திரா 37. ஆந்திராவுல மட்டும் பதிவு பண்ணவர் நம்ம ஊர் வீட்டுல கண்ணாடி சப்ளை பண்ணி மாட்டிக் கொடுத்தா, வீடு இருக்கற இடத்தை வச்சு அது மாநிலம் விட்டு மாநில சப்ளை. பில்லுல ஐஜிஎஸ்டி 18% வரும். 9 + 9-ஆ இருந்தாலும் 18-ஆ இருந்தாலும் உங்க பாக்கெட்டுக்கு ஒண்ணுதான். ஆனா அவர் காம்போசிஷன் வகையில இருந்தா மாநிலம் தாண்டி சப்ளை பண்ணவே அனுமதி இல்ல. அப்படிப்பட்டவர் முறையான பில் கொடுக்க முடியாது. நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா உங்க கையில காகிதம் இருக்காது. முன்னாடியே கேட்டுடுங்க.

பில் இல்லாம போட்டுக்கலாமா?

நிறைய பேர் கேட்கற கேள்வி. இதுல நியாயமா பேசணும். ஜிஎஸ்டி போடாத எல்லாரும் ஏமாத்துக்காரர் இல்ல. சப்ளையோட சேர்த்து மாட்டியும் கொடுக்கற வேலை சட்டப்படி சர்வீஸ். வருஷ டர்ன்ஓவர் 20 லட்சத்துக்குள்ள இருக்கற சின்ன ஆள் பொதுவா பதிவே பண்ண வேண்டாம். அவர் ஜிஎஸ்டி இல்லாம ஒரு சாதா பில் கொடுப்பார், சரிதான். காம்போசிஷன்காரர் 'பில் ஆஃப் சப்ளை' கொடுப்பார், அதுல தனியா ஜிஎஸ்டி கேட்கக் கூடாது. ரெகுலர்ல இருக்கறவர் 18% போட்டு டாக்ஸ் இன்வாய்ஸ் கொடுக்கணும்.

சிக்கல் எங்கன்னா, ரெகுலர்ல இருக்கறவர் "பில் வேணாம்னா 18% குறைச்சுக்கறேன்"னு சொல்றது. அந்த 18% நமக்கு வர்ற லாபம்னு நினைக்கறோம். நாம எதை விட்டுக்கொடுக்கறோம்னு பாருங்க. வாரண்டி கேட்க ஆதாரம் இல்ல. எந்தக் கண்ணாடி, எத்தனை எம்எம்னு எழுத்துல இல்ல. நாளைக்கு வீட்டை வித்தா, மூலதன ஆதாயம் கணக்குப் போடறப்போ மேம்பாட்டுச் செலவா காட்ட பில் இல்ல. கடைக்குன்னா இன்னொண்ணும் இருக்கு. கணக்கு எழுதி வரி கட்டறவங்க, சொத்து மாதிரியான செலவுக்கு ஒரே நாள்ல ஒருத்தருக்கு 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா அந்தத் தொகை தேய்மானக் கணக்குல சேராது.

என் நிலை இதுதான்: பதிவு தேவைப்படாத சின்ன ஆள்கிட்ட சாதா பில்லோட, பேங்க் மூலமா வேலை கொடுங்க, தப்பே இல்ல. பில்லே இல்லாத வேலைக்கு மட்டும் போகாதீங்க.

ஒரே பொருளுக்குத்தான் விலை கேட்கறோமா?

தம்பி வாங்கின முதல் கொட்டேஷன் ஒரே வரி: "பால்கனி, பாத்ரூம், ஜன்னல், கடை ஃப்ரன்ட் – 1,48,000." மத்த ரெண்டும் அயிட்டம் வாரியா இருந்துச்சு. ஒரே வரி கொட்டேஷனை அயிட்டம் வாரியான கொட்டேஷனோட ஒப்பிடவே முடியாது. கொட்டேஷன்ல இருக்க வேண்டியவை:

- ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை எம்எம், சாதாவா, டஃபன்டா, லேமினேட்டடா. பால்கனி மாதிரி உடைஞ்சா ஆளோட கீழே போற இடத்துக்கு டஃபன் பண்ணி லேமினேட் பண்ணது கேளுங்க. வெறும் டஃபன்டு உடைஞ்சா சின்னச் சின்னத் துண்டா மொத்தமும் உதிர்ந்துடும். ஆழமா வெட்டாது, ஆனா தடுப்பும் இருக்காது. லேமினேட்டட்ல நடுவுல ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கறதால உடைஞ்சாலும் பெரும்பாலும் பிடிச்சு நிக்கும்.

- ஐஎஸ்ஐ முத்திரை. கொட்டேஷன்ல பெரிய கம்பெனி பெயரைப் போட்டிருந்தா அது ஷீட் தயாரிச்சவர் பெயர் மட்டும்தான். டஃபன் பண்ணது யாருங்கறதுதான் உங்க பாதுகாப்பு. கட்டடங்களுக்கான சேஃப்டி கிளாஸுக்கு ஐஎஸ் 2553 பகுதி 1 தரநிலை இருக்கு. கண்ணாடி மூலையில அழியாத முத்திரை இருக்கும். அதுல இருக்கற சிஎம்/எல் லைசென்ஸ் நம்பரை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டுப் பார்க்கலாம். சரக்கு இறங்கும்போதே பாருங்க, மாட்டின பிறகு மூலை சேனலுக்குள்ள போயிடலாம்.

- அளவு எப்படி எடுக்கறாங்க. சதுர அடி ரேட்டை மட்டும் பார்க்காதீங்க. சில பேர் நிஜ அளவுக்கு, சில பேர் அடுத்த 3 அல்லது 6 இஞ்சுக்கு ஏத்திக் கணக்குப் போடுவாங்க. 34.5 × 82.5 இஞ்ச் கண்ணாடி நிஜத்துல 19.77 சதுர அடி. 36 × 84-ஆ ஏத்தினா 21 சதுர அடி. 6% வித்தியாசம் அங்கேயே வந்துடும். ஏத்தறது தொழில் வழக்கம்தான், வீணாகற துண்டுக்கும் அவர் காசு கொடுக்கறார். எந்த முறைன்னு மூணு பேர்கிட்டயும் கேட்டுட்டு ஒப்பிடுங்க.

- ஃபிட்டிங்ஸ் பிராண்ட். ஃப்ளோர் ஸ்பிரிங், பேட்ச் ஃபிட்டிங், கீல், பூட்டு, கைப்பிடி. கண்ணாடிக் கதவு பழுதாச்சுன்னா பெரும்பாலும் கண்ணாடியால இல்ல, இதுங்களாலதான்.

- வண்டி வாடகை, இறக்குகூலி, எட்ஜ் பாலிஷ், ஓட்டை, கட்-அவுட் எல்லாம் ரேட்டுக்குள்ளயா, தனியா?

- மாட்டும்போது உடைஞ்சா யார் பொறுப்பு? மாட்டின பிறகு தானா உடைஞ்சா? டஃபன்டு கண்ணாடி அபூர்வமா, உள்ளே இருக்கற நிக்கல் சல்ஃபைடு துகளால யாரும் தொடாமலே உடையறது உண்டு. எத்தனை மாசத்துக்கு மாத்தித் தருவார்னு எழுதி வாங்குங்க.

எம்எம்ல சந்தேகம் வந்தா ஒரு சின்னக் கணக்கு: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு எம்எம்முக்கு 2.5 கிலோ. 7 அடிக்கு 3 அடி கதவு கிட்டத்தட்ட 1.95 சதுர மீட்டர். 12 எம்எம்னா சுமார் 58 கிலோ, 10 எம்எம்னா சுமார் 49 கிலோ. ரெண்டாவது ஆள் கடைக்கதவைக் கொண்டுவந்து இறக்கினப்போ, சித்தப்பா பக்கத்து இரும்புக்கடைத் தராசுலயே நிறுத்துப் பார்த்துட்டார். அந்த ஆளும் சிரிச்சுக்கிட்டே ஒரு கை பிடிச்சார்.

பணத்தை எப்படிப் பிரிக்கறது?

மொத்தம் 2,06,500-ன்னு வச்சுக்கோங்க. நான் இப்போ சொல்ற முறை:

- 10% (20,650): இறுதி அளவு எடுத்து, வரைபடத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டதும்.
- 40% (82,600): உங்க அளவுகள் உள்ள ஃபேக்டரி ஆர்டர் காப்பியைக் காட்டினதும். உங்க வேலைக்குன்னு ஒரு ஆர்டர் நம்பர் இருக்கணும்.
- 40% (82,600): கண்ணாடி வீட்டு வாசல்ல இறங்கி, முத்திரையும் எம்எம்மும் பார்த்ததும்.
- 10% (20,650): மாட்டி முடிச்சு 30 நாள் கழிச்சு. கதவு இறங்குதா, சிலிக்கான்ல தண்ணி கசியுதான்னு ஒரு மழை பார்த்துடலாம்.

கவனிச்சீங்களா? கண்ணாடி வர்றதுக்கு முன்னாடி அவர் கைக்கு 50% போயிடுது. மூணாவது ஆள் கேட்டதே 40%தான். அதனால இது கான்ட்ராக்டரைக் கழுத்தை நெரிக்கற முறை இல்ல. ஆனா ரெண்டாவது தவணை அவர் சொன்ன வாக்குக்குக் கொடுக்கற பணம் இல்ல, கண்ணால பார்த்த ஆர்டருக்குக் கொடுக்கற பணம்.

இன்னொரு வழியும் இருக்கு: கண்ணாடிப் பணத்தை நேரா பிராசஸிங் யூனிட்டுக்கே உங்க பெயர்ல பில் போட்டுக் கட்டிட்டு, கான்ட்ராக்டருக்குக் கூலியும் ஃபிட்டிங்ஸும் மட்டும் கொடுக்கறது. பணம் வேற வேலைக்குப் போக வழியே இல்ல. ஆனா அளவு தப்பா வந்தா ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டுவாங்க. அளவுக்கு மாட்டறவர்தான் பொறுப்புன்னு எழுதிக்கிட்டா மட்டும் இந்த வழிக்குப் போங்க.

தேதி விஷயத்துல ஒரு வார்த்தை. ஆடியில யாரும் கிரகப்பிரவேசம் வைக்க மாட்டாங்க, ஆவணியில எல்லாரும் வைப்பாங்க. மார்கழி, தை கதையும் அதேதான். எல்லா வீட்டு வேலையும் ஒரே வாரத்துல வந்து நிக்கும். முகூர்த்தத்துக்கு மூணு வாரம் முன்னாடி ஆர்டர் கொடுத்துட்டு அவசரப்படுத்தினா பேரம் பேசற பலம் உங்ககிட்ட இருக்காது. இறுதி அளவு எடுக்க சுவர் பூச்சும் டைல்ஸும் முடிஞ்சிருக்கணும், அதை வச்சுத்தான் நாள் குறிக்கணும்.

இவ்வளவு பண்ணியும் மாட்டிக்கிட்டா?

முதல்ல 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அதுல தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க கொடுத்த தொகை 50 லட்சம் வரைக்கும் அங்கேயே போகலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. 2019 சட்டப்படி நீங்க வசிக்கற இடத்திலேயோ வேலை பார்க்கற இடத்திலேயோ தாக்கல் பண்ணலாம். ஆன்லைன்லயும் முடியும். பிரச்சினை வந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள பண்ணணும். கடை வேலைன்னா கவனம்: வியாபார நோக்கத்துக்கு வாங்கினது இந்தச் சட்டத்துல வராது. சித்தப்பா மாதிரி பிழைப்புக்காகத் தானே நடத்தற சின்னக் கடைக்கு விலக்கு உண்டு.

வாட்ஸ்அப் மெசேஜ், யூபிஐ ரசீது, போட்டோ எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கோங்க. போன்ல பேசினதை "இன்னைக்கு நீங்க சொன்னபடி வெள்ளிக்கிழமை லோடு வருது"ன்னு ஒரு மெசேஜா போட்டு வைங்க.

தம்பி இன்னும் புகார் கொடுக்கல. மீதி 30,000-ஐ மாசாமாசம் தர்றேன்னு அவர் எழுதிக் கொடுத்திருக்கார். 2 வருஷ கெடு எப்போ முடியுதுன்னு என் காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன்.

கடைசியா

"இத்தனை கேள்வி கேட்டா எங்க ஊர்ல யார் சார் வருவாங்க?"ன்னு நீங்க கேட்கலாம். எங்க அனுபவத்துல மூணாவது ஆள், நாங்க கேட்காமலே எம்எம், முத்திரை, அளவு முறை எல்லாத்தையும் கொட்டேஷன்லயே எழுதியிருந்தார். நாங்கதான் கடைசி வரியில இருந்த மொத்தத்தை மட்டும் பார்த்தோம்.

அதோட நம்ம பங்கும் இருக்கு. அந்த முதல் ஆள் தடுமாறினதுக்கு ஆரம்பம், அவருக்கு ஒரு கஸ்டமர் பணம் தராம இழுத்ததுதான். ரேட்டை அடிமட்டத்துக்கு அடிச்சு, வேலை முடிஞ்சதும் கடைசித் தவணையை "அடுத்த மாசம் பார்க்கலாம்"னு தள்ளிப் போடற நாமதான் அடுத்த வீட்டுக்காரரோட அட்வான்ஸ்ல கை வைக்க அவங்களைத் தள்ளறோம். 30 நாள்ல அந்த 10% கொடுக்கறேன்னு எழுதினா, 30-வது நாள் கொடுத்துடுங்க. ரெண்டாவது ஆளுக்கு நாங்க கொடுத்துட்டோம். அடுத்த மாசம் என் ஆபீஸ் கேபினுக்கும் அவர்தான் கண்ணாடி போடப் போறார். இந்தத் தடவை கொட்டேஷனை நானே உட்கார்ந்து படிச்சேன்.

ஜிஎஸ்டி போர்ட்டல்ல எப்படித் தேடறதுன்னு ஸ்க்ரீன்ல காட்டி சேனல்ல ஒரு வீடியோ போட்டிருக்கேன். உங்க வீட்டுல யாராவது இப்போ கண்ணாடி வேலை ஆரம்பிக்கப் போறாங்கன்னா, அட்வான்ஸ் அனுப்பறதுக்கு முன்னாடி அந்த 2 நிமிஷத்தைச் செலவு பண்ணச் சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.